இதயத்தைக் கெடுப்பது ஒட்டுண்ணியா, நம் நோயெதிர்ப்பா?

கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடத் துறையில் படிக்கும் ஒரு தம்பி இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருந்தார். ஒன்று: "சாகஸ் நோயில் மருந்து கொடுத்து ஒட்டுண்ணியைக் குறைத்தாலும் இதயம் கெடுவது நிற்பதில்லை என்று படித்தேன். அப்படியென்றால் இதயத்தை அழிப்பது கிருமியா, அதை எதிர்க்கிற நம் உடம்பா?" மற்றது: "அம்மாவின் இரத்த ரிப்போட்டில் ஈசினோபில் 14 சதவீதம் என்று வந்திருக்கிறது. அதுவும் இதயத்தைத் தாக்கும் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?"

சாகஸ் என்பது பூச்சியால் பரவும் ஓர் ஒட்டுண்ணி நோய்; ஈசினோபில் என்பது இரத்த வெண்கலங்களில் ஒருவகை. அம்மாவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, அதற்காகக் கவனிக்காமல் விடவும் வேண்டாம். என்ன செய்வது என்று கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வி விளங்கினால்தான் அந்தப் பதிலும் விளங்கும்.

முதல் கேள்விக்கு "இரண்டும்தான்" என்று எழுதினால் பரீட்சைக்குப் போதும். ஆனால் அது தப்பிக்கிற பதில். நான் விளங்கிக்கொண்டது இதுதான்: இதயத்தசையை நேரடியாகக் கெடுப்பதில் பெரும்பங்கு நோயெதிர்ப்புச் சமிக்ஞைகளுக்கு, அதாவது நோயெதிர்ப்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்களுக்கு. அந்தச் சமிக்ஞைகளை அணையவிடாமல் வருடக்கணக்காக எரிய வைப்பது ஒட்டுண்ணி. முதல் மாதத்தில் உயிரைக் காப்பாற்றுகிற அதே புரதம் இருபதாவது வருடத்தில் இதயத்தைக் கரைக்கிறது. ஆகவே எந்தச் சமிக்ஞை என்று கேட்பதைவிட, எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை காலம் என்று கேட்பது பிரயோசனமாக இருக்கும்.

இதயத்துக்கென்று ஒரு பலவீனம் உண்டு. ஈரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும். குடலின் உட்படை சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. வளர்ந்தவரின் இதயத்தசைக் கலங்களில் வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் புதிதாக வரும், வயது போகப் போக அதுவும் பாதியாகிவிடும். செத்த கலம் இருந்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு சுருங்கி விரியாது, மின் தூண்டலையும் ஒழுங்காகக் கடத்தாது. தோலிலும் குடலிலும் வந்து போகிற அழற்சி இதயத்தில் வந்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கணக்கில் ஏறிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதயத்தசைக் கலம் சும்மா நின்று அடி வாங்குகிற அப்பாவி இல்லை. கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகள் அதனிடமும் இருக்கின்றன. தொற்று வந்தால் அதுவே இரசாயனச் செய்தி அனுப்பி வெண்கலங்களைத் தன்னிடம் கூப்பிடும்.

சரி, சாகஸுக்கு வருவோம். இது நம் ஊர் வியாதி இல்லை. இதன் தாயகம் இலத்தீன் அமெரிக்கா. 1909 இல் பிரேசிலின் லாசான்ஸ் என்ற ஊருக்கு, ரயில்பாதை போடும் தொழிலாளர்களிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்தப் போயிருந்த கார்லோஸ் சாகஸ் இதைக் கண்டுபிடித்தார். ஒட்டுண்ணி, அதைப் பரப்பும் பூச்சி, நோய் மூன்றையும் ஒரே ஆள் கண்டுபிடித்தது மருத்துவ வரலாற்றில் அபூர்வம். ஒட்டுண்ணிக்குத் தன் குரு ஒஸ்வால்டோ குரூஸின் பெயரைச் சேர்த்து டிரிப்பனோசோமா குரூசி என்று பெயர் வைத்தார். பூச்சி இரவில் மண்சுவர் வெடிப்புகளிலிருந்து வெளியே வந்து இரத்தம் குடிக்கும், குடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே எச்சம் போடும். தூக்கத்தில் சொறியும்போது எச்சத்தில் உள்ள ஒட்டுண்ணி காயத்துக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போய்விடும். எச்சம் கலந்த உணவு, இரத்தமேற்றல், தாயிடமிருந்து சிசு என்றும் பரவும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இன்று சுமார் 70 இலட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது.

முதல் சில வாரங்களில் நடப்பதைப் பார்த்தால் நோயெதிர்ப்பை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதங்கள் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒருவகை நங்கூரத்தால் அதன் சவ்வில் பிடித்திருக்கும். கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகளில் ஒன்றான டோல் ஏற்பி 2 அந்த நங்கூரத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.யை டோல் ஏற்பி 9 கண்டுபிடிக்கிறது. இந்த ஏற்பிகள் கொடுக்கும் செய்தியால், கிருமியை விழுங்கும் மாக்ரோபேஜ் கலங்களும், கிருமியின் துண்டுகளை மற்றக் கலங்களுக்குக் காட்டும் டென்ட்ரைட் கலங்களும் இன்டர்லூக்கின் 12 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது கிடைத்ததும் இயற்கைக் கொல்லிக் கலங்களும், பிறகு ரி கலங்களும் (இரண்டும் வெண்கல வகைகள்) இன்டர்பெரோன் காமா என்ற இன்னொரு சமிக்ஞையைச் சுரக்கும். இன்டர்பெரோன் காமா மாக்ரோபேஜைத் தூண்ட, அது நைட்ரிக் ஒக்சைட் தயாரித்து உள்ளே விழுங்கிய ஒட்டுண்ணியைக் கொல்லும். கட்டி நசிவுக் காரணி, அதாவது டி.என்.எஃப்., இந்த வேலையை இன்னும் முடுக்கிவிடும். இந்தச் சங்கிலியில் இன்டர்பெரோன் காமாவை மட்டும் இல்லாமல் செய்த எலிகள், இரத்தம் நிறைய ஒட்டுண்ணியோடு செத்துப்போகின்றன.

எனக்கு இதைவிடப் பாடமாகத் தெரிவது வேறொரு எலிப் பரிசோதனை. இன்டர்லூக்கின் 10 என்பது அடக்குகிற சமிக்ஞை, "போதும், நிறுத்து" என்று சொல்வது. அது இல்லாத எலிகளுக்கு டிரிப்பனோசோமா குரூசியைக் கொடுத்தார்கள். அடக்குவதற்கு ஆள் இல்லாததால் எதிர்ப்பு பலமாக இருந்தது, இரத்தத்தில் ஒட்டுண்ணி சாதாரண எலிகளில் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் அந்த எலிகள் சீக்கிரமாகச் செத்தன. அவற்றைக் கொன்றது அளவுமீறிய இன்டர்பெரோனும் டி.என்.எஃப்.உம்தான். அதே எலிகளில் இன்டர்லூக்கின் 12 ஐத் தடுத்தபோது ஆயுள் கொஞ்சம் நீண்டது. கிருமியின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது என்று சொல்ல இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இனி ஒட்டுண்ணியின் சாமர்த்தியம். அது கலத்துக்குள் நுழைந்ததும் தன்னை மூடியிருக்கும் பையை உடைத்துக்கொண்டு கலச்சாற்றுக்குள் வந்து, வாலைச் சுருக்கி உருண்டையாகி, அங்கேயே பெருகத் தொடங்கும். அதைக் கொல்ல வேண்டிய சி.டி.8 ரி கலங்கள் இந்தத் தொற்றில் மெதுவாகத்தான் உருவாகி வருகின்றன, அதற்குள் ஒட்டுண்ணி தசைகளில் குடியேறிவிடும். நுழைவதற்கும் அது நம் சமிக்ஞைப் பாதை ஒன்றையே பயன்படுத்துகிறது. டி.ஜி.எஃப். பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பி வேலை செய்யாத கலங்களுக்குள் இந்த ஒட்டுண்ணியால் சரியாக நுழைய முடிவதில்லை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தழும்பு உண்டாக்குவதில் இதே ஆள்தான் தலைவர்.

ஒன்றிரண்டு மாதத்தில் காய்ச்சல் போய்விடும். பலருக்கு அப்படி ஒரு காய்ச்சல் வந்ததே நினைவிருக்காது. பிறகு பத்து, இருபது, முப்பது வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் கழியும். கடைசியில் பத்தில் மூன்று பேர் வரை இதயநோயோடு வருகிறார்கள்.

அப்படி ஒருவரின் இதயத்துண்டைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன், உங்கள் துறைக்கு உதவும். ஹீமடொக்சிலின், ஈயோசின் சாயமிட்ட தட்டில் இளஞ்சிவப்புத் தசைநார்கள் வரிசையாக ஓடும். நார்களுக்கு இடையே கருநீலப் புள்ளிகள் கூட்டங்கூட்டமாக ஊர்ந்து நிற்கும், அவை லிம்போசைட்டுகள், ரி கலங்கள் சேர்ந்த வெண்கல வகை. சில நார்கள் மெலிந்து அறுந்திருக்கும், சில வீங்கியிருக்கும். நார்கள் செத்த இடமெல்லாம் வெளிறிய கொலாஜன், அதாவது தழும்பின் நார்ப்புரதம். இவ்வளவு சேதத்துக்கும் காரணமான ஒட்டுண்ணியைத் தேடினால் தட்டுத் தட்டாகப் பார்த்தும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். இந்தக் காட்சிதான் ஒரு பெரிய சண்டையைக் கிளப்பியது. குற்றவாளி இடத்தில் இல்லை, அப்போது உடம்பு தன்னைத்தானே தாக்குகிறது என்று 1970களிலிருந்து ஒரு சாரார் வாதிட்டார்கள். அவர்களிடம் சான்றும் இருந்தது. ஒட்டுண்ணியின் பி13 என்ற புரதத்தை அடையாளம் காணும் சில ரி கலங்கள் இதயத்தசையைச் சுருங்க வைக்கும் மயோசின் புரதத்தையும் அடையாளம் காண்கின்றன. ஒட்டுண்ணியின் ரைபோசோம் புரதம் ஒன்றுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்புடலங்கள், இதயத்துடிப்பை முடுக்குகிற பீட்டா 1 ஏற்பியிலும் போய் ஒட்டுகின்றன.

1990களில், கொஞ்ச டி.என்.ஏ.யையும் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். பரிசோதனை பரவலானதும் நிலைமை மாறியது. நுணுக்குக்காட்டியில் காணாத இடத்திலும் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ. இருந்தது. அழற்சி இருக்கும் துண்டுகளில் அது அடிக்கடி கிடைத்தது. என் கணக்கில் வழக்கைத் தீர்க்கிற சான்று வேறு. சாகஸால் இதயம் செயலிழந்தவர்களுக்கு மாற்று இதயம் பொருத்துகிறார்கள். பிறகு நோயெதிர்ப்பை அடக்க மருந்து கொடுக்கிறார்கள். தன்னைத்தானே தாக்குவதுதான் முழு நோய் என்றால், அந்த மருந்தால் நோய் நன்றாக அடங்கியிருக்க வேண்டும். நடப்பது தலைகீழ்: மறைந்திருந்த ஒட்டுண்ணி பெருகி, சிலருக்குப் புது இதயத்தையே தாக்குகிறது. எச்.ஐ.வி. முற்றியவர்களிலும் இதே கதை, அங்கே மூளையும் சேர்ந்து பாதிக்கப்படும். ஆகவே தன்னெதிர்ப்பு உண்மைதான், ஆனால் வண்டியை ஓட்டுவது அது இல்லை என்று நினைக்கிறேன்.

சிலர் இதை மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்று விளக்குவார்கள். சாகஸைப் பரப்புகிற பூச்சி மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் கேட்க இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் கதையில் வீட்டோடு பூச்சியும் எரிந்து விஷயம் முடிந்துவிடுகிறது. இங்கே ஒட்டுண்ணி முழுதாக ஒழிவதில்லை, அதனால் நெருப்பும் அணைவதில்லை.

அந்தச் சமிக்ஞைகள் தசையில் செய்வது என்ன? தொற்று வந்த இதயத்தசை சி.எக்ஸ்.சி.எல். 9, 10, சி.சி.எல். 5 போன்ற கெமோக்கைன்களைச் சுரக்கிறது. இவை ரி கலங்களுக்கு வழிகாட்டி அவற்றை இதயத்துக்கே கொண்டுவரும். வந்த கலங்கள் சுரக்கும் டி.என்.எஃப்.உம் இன்டர்லூக்கின் 1 உம் தசைக்கலத்தின் கல்சியம் போக்குவரத்தைக் குழப்புகின்றன. ஒவ்வொரு துடிப்பும் கல்சியம் உள்ளே வந்து வெளியே போவதில் தங்கியிருப்பதால், கலம் சாகாமலே சுருங்கும் பலம் குறையும். அளவுக்கு மேல் உண்டாகும் நைட்ரிக் ஒக்சைட் அதற்குத் துணை போகும். இன்டர்பெரோன் காமா நீண்டகாலம் இருந்தால் இழைமணிகளின் சக்தி உற்பத்தி விழுகிறது. நாள் முழுக்க ஓய்வில்லாமல் வேலை செய்கிற தசைக்குச் சக்தி குறைவது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. டி.ஜி.எஃப். பீட்டா, நார் தயாரிக்கும் நாரரும்பர் கலங்களைத் தூண்டி கொலாஜனைக் கொட்ட வைக்கிறது. இதயத்துடிப்பை மெதுவாக்கிக் கட்டுப்படுத்தும் பரபரிவு நரம்புக் கணுக்களும் இந்த அழற்சியில் அழிகின்றன.

இதெல்லாம் ஈ.சி.ஜி.யில் கையெழுத்துப் போடும். இதயத்தின் மின்பாதைகளில் வரும் வலது கட்டுக் கிளைத் தடையும் இடது முன்கிளைத் தடையும் சேர்ந்து வந்தால், பிரேசில் வைத்தியர் ஒருவருக்கு முதலில் நினைவு வருவது சாகஸ்தான். இதயத்தின் நுனி மெலிந்து பலூன் போல வெளியே தள்ளும், அதற்குள் இரத்தம் தேங்கி உறையும், உறைவு மூளைக்குப் போனால் பக்கவாதம். தழும்புக்கும் நல்ல தசைக்கும் இடையில் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடினால் கீழறைத் துடிப்பு தாறுமாறாகும். திடீர் மரணங்களுக்கு இதுவே முக்கிய காரணம்.

பத்தில் மீதி ஏழு பேருக்கு ஏன் வருவதில்லை? முழு விடை இன்னும் இல்லை. ஆனால் அறிகுறி இல்லாதவர்களின் கலங்கள் இன்டர்லூக்கின் 10 ஐக் கூடுதலாகவும், இதயநோய் வந்தவர்களின் கலங்கள் இன்டர்பெரோன் காமாவையும் டி.என்.எஃப்.ஐயும் கூடுதலாகவும் சுரப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன எலியின் கதை மனிதரில் மெதுவாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் படித்த மருந்துச் செய்தி. அது 2015 இல் வெளிவந்த பெனிஃபிட் ஆய்வாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சாகஸ் இதயநோய் வந்துவிட்ட 2,854 பேரைப் பிரேசில், ஆர்ஜென்டினா, பொலிவியா, கொலம்பியா, எல் சல்வடோர் ஆகிய ஐந்து நாடுகளில் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு பென்ஸ்நிடசோல் என்ற ஒட்டுண்ணி மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். சிகிச்சை முடிவில் பி.சி.ஆர். எதிர்மறையானது மருந்து எடுத்தவர்களில் 66 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் 34 சதவீதத்தினருக்கு. இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது உண்மை. ஆனால் ஐந்து வருடத்துக்குச் சற்று மேலான கண்காணிப்பில் மரணம், இதயச் செயலிழப்பு, பக்கவாதம் போன்ற கெட்ட விளைவுகள் மருந்து எடுத்தவர்களில் 27.5 சதவீதம், மற்றவர்களில் 29.1 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இதைப் பார்த்து "அப்போது ஒட்டுண்ணி முக்கியமில்லை" என்று முடிவுகட்டுவது அவசரம். மருந்து கொடுத்த நேரத்தில் தழும்பு விழுந்தாயிற்று, நரம்புக்கணு போயிற்று. தழும்பை எந்த ஒட்டுண்ணி மருந்தும் கரைக்காது. அத்தோடு இந்த ஒட்டுண்ணிகளில் சில பெருகாமல் உறங்கிக் கிடக்கும், அப்படிப்பட்டவை மருந்துக்குத் தப்பிவிடுவதை ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். இரத்தம் சுத்தமானால் தசையும் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. அதனால்தான் பிள்ளைகளுக்கும் புதிதாகத் தொற்றியவர்களுக்கும் உடனே மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கருத்தரிக்கும் முன்பே பெண்ணுக்குக் கொடுத்தால் பிள்ளைக்குப் பரவுவதும் தடைப்படும்.

அப்படியானால் சமிக்ஞையையே தடுத்தால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். ஆசைப்பட்டுப் பார்த்திருக்கிறார்கள், சாகஸில் அல்ல, பொதுவான இதயச் செயலிழப்பில். டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் இன்ஃபிலிக்சிமாப் மருந்தை 150 பேரில் பரிசோதித்த அட்டாச் ஆய்வு 2003 இல் வெளிவந்தது. கூடிய அளவு மருந்து பெற்றவர்களில் மரணமும் வைத்தியசாலையில் சேர்ப்பதும் அதிகரித்தன. டி.என்.எஃப். கெட்டது, அதைத் தடுத்தால் நல்லது என்ற நேர்கோட்டுக் கணக்கு அங்கேயே உடைந்தது. சாகஸ் எலிகளில் டி.ஜி.எஃப். பீட்டாவின் பாதையைத் தடுக்கும் இரசாயனங்கள் தழும்பைக் குறைத்திருக்கின்றன. அது எலியோடு நிற்குமா, மனிதருக்கும் வருமா என்று பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். ஒரு சுவாரசியமான பக்கக்கதை: துடிப்பை ஒழுங்காக்க இதே நோயாளிகளுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த அமியோடரோன், ஆய்வுகூடத்தில் ஒட்டுண்ணியையும் கொல்கிறது.

சாகஸுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பூனை எச்சத்தாலும் சரியாக வேகாத இறைச்சியாலும் வருவது, உலகம் முழுக்க இருப்பது. இது இதயத்தசைக்குள்ளேயே சிறு உறைகளாகத் தங்கும். ஆனால் உறையைச் சுற்றி ஒரு லிம்போசைட்கூட இருக்காது, இதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். இதைக் கட்டிப்போட்டிருப்பதும் அதே இன்டர்பெரோன் காமாதான். இங்கே ஆபத்து சமிக்ஞை குறையும்போதுதான் வரும். தொற்று உள்ள ஒருவரின் இதயத்தைத் தொற்றே இல்லாத ஒருவருக்குப் பொருத்தினால், தடுப்பு மருந்து இல்லாதபோது பாதிக்கும் அதிகமானோருக்கு நோய் கிளம்பும். கோ-டிரைமொக்சசோல் என்ற மலிவான மாத்திரை அதைத் தடுத்துவிடும். இலங்கையிலும் 2017 இல் கண்டியில் இதயமாற்று தொடங்கிவிட்டதால் இது நமக்கும் வெறும் புத்தக அறிவு இல்லை.

மலேரியாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1934, 35 இல் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோன நோய், 1963 இல் 17 பேருக்கு என்று சுருங்கி, சில வருடத்தில் திரும்ப வெடித்து, ஒருவழியாக 2012 ஒக்டோபரோடு உள்ளூர்த் தொற்று நின்று, 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று சான்றிதழ் பெற்றது. இப்போது வருவது வெளிநாட்டிலிருந்து பயணிகளோடு வருவது. கடும் மலேரியாவில் இறந்தவர்களின் இதய நுண்குழாய்களில் தொற்றிய செங்கலங்கள் அடைந்து கிடக்கும். அப்படியிருந்தும் இதயத்தின் சுருங்கும் பலம் பெரும்பாலும் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக இருக்கும். ஒட்டுண்ணி குழாயோடு நிற்கிறது, தசைக்குள் போவதில்லை. சமிக்ஞை வெள்ளமாக வந்தாலும் சில நாளில் வடிந்துவிடுகிறது. காலம் முக்கியம் என்று நான் சொன்னதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி அம்மாவின் ஈசினோபிலுக்கு வருகிறோம், அதற்கு வாசல் ட்ரிக்கினெல்லா என்ற புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் வரும். குடலில் பிறக்கும் குஞ்சுகள் இரத்தத்தோடு போய்க் கைகால் தசைகளில் கூடு கட்டிக்கொள்ளும். இதயத்தில் அவை தங்குவதில்லை, கடந்து போவதோடு சரி. ஆனாலும் இந்த நோயில் இறப்பவர்களில் கூடுதலானோர் இதயத்தசை அழற்சியால்தான் இறக்கிறார்கள். டொக்சோபிளாஸ்மா குடியிருந்தும் கெடுக்காது, இது குடியிருக்காமலே கெடுக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

புழுத் தொற்றில் ஓடுகிற சமிக்ஞைப் பாதை வேறு. இன்டர்லூக்கின் 4, 5, 13 என்ற கூட்டம். இதில் 5 தான் எலும்பு மச்சையிலிருந்து ஈசினோபில்களை வரவழைத்து நீண்டநாள் உயிரோடு வைத்திருக்கும். சாயமிட்ட இரத்தப் பூச்சில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: இரண்டு மடல் கரு, உடம்பு நிறையச் செம்மஞ்சள் மணிகள். அந்த மணிகளில் உள்ள காரப் புரதங்கள் புழுவின் தோலை அரிக்க வல்லவை, இதயத்தின் உட்படையையும் அதேபோல அரிக்கும், இரத்தம் உறைவதையும் தூண்டும். வேடிக்கை என்னவென்றால், ஈசினோபில் இல்லாத எலிகளின் தசையில் ட்ரிக்கினெல்லா குஞ்சுகள் செத்துப்போகின்றன. அங்கே ஈசினோபில் நைட்ரிக் ஒக்சைட்டை அடக்கிப் புழுவைக் காப்பாற்றுகிறதாம்! புழுவுக்கு எதிரி என்று நாம் படித்த கலம் புழுவுக்குக் காவல் நிற்கிறது.

எந்தக் காரணத்தாலும் ஈசினோபில் அளவுமீறி நெடுநாள் இருந்தால் இதயம் மூன்று கட்டமாகக் கெடும். 1936 இல் லோஃப்லர் இதை விவரித்தார். முதலில் உட்படையும் தசையும் நசியும். பிறகு அந்தப் புண்ணின் மேல் இரத்தம் உறையும். கடைசியில் உட்புறம் முழுக்கத் தழும்பு படர்ந்து, இதயம் விரிய முடியாமல் இறுகும். முதல் கட்டத்தில் பிடித்தால் திருப்பலாம், மூன்றாவதில் முடியாது.

கொழும்பில் ஈசினோபில் கூடுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. இழுப்பு, ஒவ்வாமை, சில மருந்துகள், குடற்புழு, நாய் பூனையிலிருந்து வரும் டொக்சொகாரா. பிறகு யானைக்கால் நோய்ப் புழு. மேல் மாகாணம் அதன் பழைய வட்டாரம், அழுக்கு வாய்க்காலில் பெருகும் நுளம்பு அதைக் காவும். இராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்களே, அந்த நேரத்தில்தான் அதன் குஞ்சுகள் தோலருகே உள்ள இரத்தத்துக்கு வரும். 2016 இல் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டாலும், முற்றாக ஒழிந்துவிடவில்லை. சிலருக்கு இந்தப் புழு வீக்கம் தராமல் நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பும். இரவில் விடாத இருமலும் இழுப்புமாக இருக்கும், ஈசினோபில் எண்ணிக்கை மைக்ரோலீட்டர் இரத்தத்துக்கு 3,000 ஐத் தாண்டும், இரத்தப் பூச்சில் குஞ்சு ஒன்றும் தெரியாது. ஆஸ்துமா என்று வருடக்கணக்கில் பம்ப் அடித்துக்கொண்டிருப்பவர்களில் இப்படிச் சிலர் அகப்படுவார்கள். டைஎதில்கார்பமசின் மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும்.

அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். சதவீதத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ரிப்போட்டில் மொத்த வெண்கல எண்ணிக்கையை எடுத்து 14 சதவீதத்தால் பெருக்குங்கள். மொத்தம் 9,000 என்றால் 1,260 வரும். 500 வரை சாதாரணம். 1,500 க்கு மேல் போய், சில வாரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருந்தால்தான் இதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது ட்ரோபோனின் (இதயத்தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் புரதம்), ஈ.சி.ஜி., எக்கோ மூன்றும் செய்வார்கள். காரணம் புழுவாக இல்லாமல் இரத்தக் கலங்களின் கோளாறாக இருந்தால், இன்டர்லூக்கின் 5 ஐ நேரடியாகத் தடுக்கும் மெபோலிசுமாப் போன்ற மருந்துகள்கூட இப்போது இருக்கின்றன. அது தூரத்து விஷயம்.

உங்கள் வீட்டில் நடக்க வேண்டியது இவ்வளவுதான். அம்மா என்னென்ன மருந்து எடுக்கிறார், இழுப்பு, தோல் அரிப்பு உண்டா, வீட்டில் நாய்க்குட்டி உண்டா என்று எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். மலப் பரிசோதனை ஒரு நாளோடு நிறுத்தாமல் வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை கொடுக்கச் சொல்லுங்கள், ஒன்றில் தவறுவது இன்னொன்றில் அகப்படும். ஸ்ட்ரோங்கிலொய்டீஸ் என்ற புழுவுக்கான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அந்தப் புழு உடம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தொற்றிப் பல பத்து வருடம் சத்தமில்லாமல் இருக்கும். அது இருக்கும்போது நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து உள்ளே போனால் ஈசினோபில் அழகாக இறங்கும், ரிப்போட் நன்றாக வரும், புழுவோ உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே வினையாகும். இருமலுக்கென்று யாராவது காலி வீதிப் பக்கம் ஒரு பார்மசியில் பிரெட்னிசொலோன் (அதுவும் ஒரு ஸ்டீரொயிட்) வாங்கிப் போடச் சொன்னால், அந்தப் புழு இல்லை என்று தெரியும் வரை கொடுக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். இடையில் மூச்சு வாங்கினாலோ, காலில் நீர் வைத்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ ஆறு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.